வழித்துணை: பட்டறையில் நின்ற வண்டி

இப்பகுதியில் ரயில் நேரம், முன்பதிவு, பாஸ் விதிகள், ஊருக்குச் செல்வோர் அறிந்திருக்கவேண்டிய இன்ன பிற செய்திகள் ஆகியவற்றையே வழக்கமாக எழுதிவருகிறோம். இத்திங்கள் தண்டவாளத்தினின்றும் இறங்கி, சாலையிற் செல்லும் ஒரு வண்டியைப் பற்றி எழுத நேர்ந்துள்ளது. அது சாலையிற் சென்ற கதை சிறிது. செல்லாமல் பட்டறையில் நின்ற கதையே பெரிது. அவ்வண்டி கட்டி முடிவதற்காக நம் குடும்பத்தார் ஓராண்டு காத்திருந்தனர். அந்த ஓராண்டில் நாம் செய்த பிழையொன்றும் உண்டு. அதனை மறைக்காமற் சொல்லிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தாய்மாமா ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாக்பூரில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். சொந்த ஊர் மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். அத்தைக்கும் அதே ஊர்தான். அத்தைக்கு 2019-ஆம் ஆண்டில் பக்கவாதம் கண்டு வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. மருத்துவத்தினாலும் பயிற்சியினாலும் ஓரளவு தேறி, நான்கு கால்கள் உள்ள ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடலானார். 2021-ஆம் ஆண்டில் ஊருக்குச் சென்றபோது, ஓடும் ரயிலின் கழிப்பறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்புக்குச் சேதமில்லை, ஆனால் அன்றோடு அச்சம் பிடித்துக்கொண்டது. “இனி ரயில் ஏறமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

ஊரில் அவருக்குத் தமக்கையார் ஒருவர் இருந்தார். தாயை இளமையிலேயே இழந்த அத்தையை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருவரும் பேசிக்கொள்வார்கள். பேச்சின் முடிவில் தமக்கையார் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “எப்போது வருகிறாய்?”

இந்நிலையில்தான் மாமாவுக்கு அந்த எண்ணம் உதித்தது. மருமகனிடம் ஜீப் ஒன்று இருக்கிறது. நாக்பூரிலிருந்து ஐதராபாத், கர்நூல், பெங்களூர், சேலம், திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நேரே செல்கிறது. தூரம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். அத்தையால் ஜீப்பின் முன்னிருக்கையில் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியும். வழியில் தங்குமிடமும் கழிப்பறையுமே இடர்ப்பாடு. அவ்விரண்டையும் நாமே இழுத்துச் சென்றால் என்ன? ஜீப்பின் பின்னே கொக்கியில் மாட்டி இழுக்கத்தக்க ஒரு சிறிய டிரெயிலர். அதற்குள் இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, அத்தைக்குப் பொருத்தமான ஒரு கழிப்பறை. நான்கைந்து நாள்களில் மெல்ல மெல்ல ஊர் போய்ச் சேரலாம்.

கேட்டவுடன் நாம் நகைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பின்பு விசாரித்துப் பார்த்தபோது, நகைத்தற்குரிய செய்தி அன்று அது என்று தெரிந்தது.

உலாவுவதற்கென்றே சொல்லிச் செய்வித்த முதல் இல்ல வண்டி என்று போற்றப்படுவது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1885-ஆம் ஆண்டில் கட்டுவித்த ‘வாண்டரர்’ என்பதாகும். அவர் கடற்படையில் மருத்துவராக இருந்து உடல்நலக் குறைவால் விலகியவர். சிறுவர் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். அவ்வண்டியைக் கட்டித் தந்தவர்கள், ரயில் பெட்டிகள் செய்துவந்த பிரிஸ்டல் வாகன் தொழிற்சாலையார் என்பது நம்மைப் போன்ற ரயில்வேக்காரர்கள் மகிழ்தற்குரிய செய்தி. இரண்டு குதிரைகள் பூட்டிய அவ்வண்டியில் அவர் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை 1,300 மைல் சென்று, அப்பிரயாணத்தை ஒரு நூலாகவும் எழுதினார். பின்னர் மோட்டார் வந்தது. குதிரைக்குப் பதில் கார் இழுத்தது. அமெரிக்காவில் வாலி பயாம் என்பவர் 1936-ஆம் ஆண்டில் அலுமினியத் தகடுகளைத் தரைந்து ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் டிரெயிலரை வெளியிட்டார். அவர் 1959-ஆம் ஆண்டில் அத்தகைய டிரெயிலர்கள் நாற்பத்தொன்று சேர்ந்த ஓர் அணியை ஆப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை நடத்திச் சென்றார். அவ்வளவு தூரம் போனவர்கள் இருக்க, நாக்பூரிலிருந்து மேலூருக்குப் போவதா முடியாது என்றார் மாமா.

நகருக்கு வெளியே ஒரு பட்டறையில், 2023-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் பேசி முடித்தோம். பட்டறைக்காரர் தொண்ணூறு நாள் தவணை சொன்னார். நவம்பர் 12-ஆம் நாள் தீபாவளி. அதற்குள் வண்டி வீட்டு வாசலில் நிற்கும் என்றார். மாமா முன்பணமாகப் பாதித் தொகையைக் கொடுத்துவிட்டார். அதுவே முதற்பிழை. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

தீபாவளிக்கு முந்திய வாரம் போய்ப் பார்த்தபோது, இரும்புச் சட்டமும் இரண்டு சக்கரங்களும் மட்டுமே இருந்தன. சட்டத்தின்மேல் ஒரு நாய் உறங்கிக்கொண்டிருந்தது. அச்சு வெளியூரிலிருந்து தாமதமாக வந்தது என்றார்கள். “இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டோம். “பந்த்ரா தின்” என்றார் மிஸ்திரி. பதினைந்து நாள்! சத் பண்டிகைக்கு ஊர் சென்ற தச்சர் திரும்பிவர ஒரு மாதமாயிற்று. மறுபடி கேட்டோம். “பந்த்ரா தின்.” டிசம்பரில் கேட்டோம், அதே விடை. வீட்டில் சோறு வேகத் தாமதமானாலும், குழந்தை குளித்துவிட்டு வரத் தாமதமானாலும், “பந்த்ரா தின்” என்று சொல்லிச் சிரிக்கும் வழக்கம் வந்துவிட்டது. சிரிப்பு தை மாதம் வரையில்தான் இருந்தது.

நிற்க. பட்டறைக்காரரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. சொல்லிச் செய்யும் வண்டி ஏன் நாள் பிடிக்கிறது என்பதையும் கற்றுக்கொண்டோம். சட்டத்தின்மேல் தளம், தளத்தின்மேல் சுவர்களின் எலும்புக்கூடு, அதனுள் மின்கம்பிகளும் நீர்க்குழாய்களும், பிறகு வெப்பம் தடுக்கும் பொருள், பிறகு வெளித் தகடும் உட்பலகையும், கடைசியில் அலமாரி, படுக்கை, அடுப்பு. முன்னது முடியாமல் பின்னதைத் தொட முடியாது. மூட்டுகளில் இடும் பசை காய நாள் வேண்டும். காயுமுன் மூடினால், முதல் மழையிலேயே நீர் உட்புகுந்து பலகையை உப்பச் செய்யும். இத்தகைய வண்டிகளுக்கு மோதலைவிடக் கொடிய பகை நீர்க்கசிவே என்பர். சென்னைப் பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் போன்ற இடங்களில், பெட்டியைச் செயற்கை மழையில் நிறுத்தி ஒழுகுகிறதா என்று பார்த்த பின்பே வெளியே விடுகிறார்கள். அதே சோதனையை நம் வண்டிக்கும் குழாய் நீர் பாய்ச்சிச் செய்யவேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். அது நல்ல பிடிவாதம்.

ஆகவே, காத்திருக்கும் காலத்தைப் பட்டறைக்காரரைத் திட்டுவதில் கழிக்கலாகாது. அக்காலத்தில் செய்யவேண்டிய வேலைகள் பல உள்ளன. முதன்மையானது, சுவர் மூடுமுன் போய்ப் பார்த்தல். அதுவும், வண்டி யாருக்காகவோ அவரையே அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தல்.

ஜனவரி முதல் வாரத்தில் அத்தையைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றோம். சுவர்கள் அப்போது வெறும் சட்டங்களாக நின்றன. தளத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, இது கதவு, இது கழிப்பறை, இது கட்டில் என்று மிஸ்திரி காட்டினார். கைப்பிடிகளை ஏறும்போது வலப்புறத்தில் வைப்பதாக வரைபடத்தில் இருந்தது. எல்லாரும் வலக்கையால் பிடிப்பார்கள் என்பது அவர் நினைப்பு. அத்தை ஒன்றும் பேசாமல் ஊன்றுகோலை மாமாவிடம் கொடுத்துவிட்டு, இடக்கையை நீட்டிக் காட்டினார். அத்தைக்குப் பிடிக்கும் வலிமை உள்ளது இடக்கை ஒன்றே. அப்படியானால் கைப்பிடியை இடப்புறத்தில் வைத்துவிடலாம் என்றோம் நாம். “ஏறும்போது சரி, தம்பி. இறங்கும்போது?” என்றார் அத்தை. திரும்பி இறங்கும்போது இடக்கைப் பக்கம் எதிர்ப்பக்கமாகிவிடும் அல்லவா! நாமும் மாமாவும் மிஸ்திரியும் ஆக மூவர் ஆறு மாதமாகப் படம் பார்த்தும் தோன்றாத செய்தி அது. கைப்பிடி இரு பக்கமும் வேண்டும் என்று முடிவாயிற்று. கழிப்பறையிலும் அவ்வாறே.

மற்றொன்று. கைப்பிடியை உட்பலகையில் மட்டும் திருகினால், ஆளின் பாரம் விழும்போது பலகையோடு பெயர்ந்து வந்துவிடும். பின்னால் சட்டத்தோடு இணைந்த கெட்டியான மரமோ இரும்புப் பட்டையோ இருக்கவேண்டும். சுவர் மூடிய பின் அதனை வைக்கவியலாது. அன்று நாம் போகாமலிருந்தால், வண்டி குறித்த நாளில் வந்தும் பயனற்றதாகியிருக்கும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். மாமா தம் ஆசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்: 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரும்பு அலமாரி, சமையல் மேடைக்குக் கல் பலகை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே, தொட்டி நிறைந்தால் 150 கிலோ. அதனை வண்டியின் வாலில் வைப்பதாக இருந்தார்கள். இரு சக்கர டிரெயிலரில் பின்பாரம் மிகுந்தால், வேகத்தில் அது நாய் வால்போல் ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் நிலைகுலையச் செய்யும். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் இறங்கவேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் கணக்கு. 900 கிலோ வண்டியானால், கொக்கியில் 90 முதல் 135 கிலோ. தொட்டியைச் சிறிதாக்கி அச்சின் மேலேயே வைத்தோம். கல் பலகையைக் கைவிட்டோம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே, சிலிண்டரை வெளிப்பெட்டியில் வைத்து, உள்ளே தரைமட்டத்திலும் காற்றுத் துளைகள் விடச் செய்தோம். ஓடும்போது டிரெயிலருக்குள் எவரும் இருக்கலாகாது என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொண்டோம்.

பத்திர வேலையும் காத்திருக்கும் காலத்திலேயே முடியவேண்டும். டிரெயிலருக்குத் தனிப் பதிவு வேண்டும். பதிவுச் சான்றில் கண்டதற்கும், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியுள்ளது. ஆகவே, ஜீப்பில் கொக்கி பொருத்துவது உட்பட எல்லாவற்றையும் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிந்தே செய்யவேண்டும். “எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பட்டறையில் சொல்வது பதிவு அலுவலகத்தில் செல்லாது.

பணத்தைப் பற்றி முன்னே சொன்னோம். பாதித் தொகையை முதலிலேயே பெற்றுக்கொண்ட பட்டறைக்காரர், அதனைக் கொண்டு வேறொருவர் வண்டிக்குச் சாமான் வாங்கினார் என்று பின்னர்த் தெரிந்தது. சட்டம் நின்றதும் ஒரு பங்கு, சுவர் மூடுமுன் பார்வையிட்டு ஒரு பங்கு, மழைச் சோதனை முடிந்து ஒரு பங்கு, பதிவு முடிந்து எஞ்சிய பங்கு என்று எழுதிக்கொள்வதே நல்லது. வாய்ச்சொல்லாக விட்டால், தவணையும் வாய்ச்சொல்லாகவே நிற்கும்.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

2024-ஆம் ஆண்டு தைப் பொங்கலுக்கு மறுவாரம், ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அத்தையின் தமக்கையாருக்கு உடல்நலம் குன்றி, மதுரை மருத்துவமனையில் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள் என்பதன் பொருள் நம் நேயர்களுக்கு விளங்கும். மாமா அன்று மாலையே பட்டறைக்கு ஓடினார். திரும்பிவந்து, “உட்பலகை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து நாள்” என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

இவ்விடத்தில் நம் பிழையைச் சொல்லவேண்டும். டிசம்பரிலேயே அத்தையை ரயிலில் அழைத்துச் செல்லலாம் என்று நாம் பயணச் சீட்டு எடுத்திருந்தோம். “வண்டி வந்துவிடும், வீணாக அவளை அச்சுறுத்தாதே” என்று மாமா சொன்னதும், மறுபேச்சுப் பேசாமல் சீட்டை ரத்து செய்தவர் நாமே. அதனினும் பெரிய பிழை ஒன்று. பல விரைவு வண்டிகளில், உடற்குறை உடையவர்க்கென்று ஒரு பகுதி அமைந்திருக்கிறது. அதன் கதவு அகலமானது, கழிப்பறை விசாலமானது, சுவரில் கைப்பிடிகள் உண்டு. துணையின்றிச் செல்லவியலாத உடற்குறையுடையார்க்கும் அவர் துணையாளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. உரிய மருத்துவச் சான்று கொடுத்து ரயில்வேயின் அடையாள அட்டை பெற்றுக்கொள்ளலாம். இவையெல்லாம் நமக்குத் தெரியாதவையா? நாள்தோறும் அலுவலகத்தில் இந்த விதிகளைப் புரட்டும் நாம், ஊராருக்கு இப்பகுதியில் வழி சொல்லும் நாம், சொந்த அத்தைக்கு அந்த அட்டையை வாங்கிக் கொடுக்கவில்லை. வண்டி வரப்போகிறதே, அட்டை எதற்கு என்று இருந்துவிட்டோம்.

அன்று இரவு மாமா வீட்டுக்குச் சென்று, ரயிலிலேயே போய்விடலாம் என்றோம். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மாப்பிள்ளை, இத்தனை நாள் பொறுத்தோம். இன்னும் பதினைந்து நாள். அதற்குள் அவளை மறுபடியும் ரயிலில் ஏற்றி விழச் செய்யச் சொல்கிறாயா? அந்த வண்டியை நான் யாருக்காகச் செய்கிறேன்?”

அவர் கூற்றில் அன்பு இருந்தது. அதனால்தான் நம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. கட்டிலில் அமர்ந்திருந்த அத்தைதான் பேசினார். நோய்க்குப் பின் அவருக்குச் சொற்கள் சற்று மெதுவாகவே வரும்.

“வண்டி வரட்டும், எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அது நமக்காகக் காத்திருக்கும். அக்கா காத்திருக்கமாட்டாள். விழுந்தால் விழுகிறேன். என்னைத் தூக்கிக்கொண்டாவது போங்கள்.”

மறுநாளே அலைந்து, சான்றும் அட்டையும் பெற்று, பிப்ரவரி முதல் வாரத்தில் புறப்பட்டோம். நாற்காலியோடு தூக்கித்தான் வண்டியில் ஏற்றினோம்; இரண்டு போர்ட்டர்கள் உதவினார்கள். நாம் முன்னே சொன்ன தனிப்பகுதியிலேயே இடம் கிடைத்தது. இரவு ஒன்பது மணிக்கு அத்தையைக் கழிப்பறை வரை நடத்திச் சென்றோம். உள்ளே சுவரில் கைப்பிடி இருந்தது. அவர் அதனை இடக்கையால் பற்றிச் சிறிது அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. திரும்பி நம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாம் தலை குனிந்தோம். ஆறு மாதமாகப் பட்டறையில் எதற்காகக் காத்திருந்தோமோ, அது எப்போதோ செய்து முடிந்து, நம் அலுவலகத்தின் முன்னாலேயே போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

ஊரில் பதினெட்டு நாள் இருந்தார்கள். தமக்கையாருக்கு நினைவு தெளிவாக இருந்தது. தங்கையின் தளர்ந்த வலக்கையைத் தம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார். என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. பெரும்பாலும் பேசவில்லை என்றே மாமா சொன்னார். அவர்கள் நாக்பூர் திரும்பிய பின், சித்திரை மாதத்தில் தமக்கையார் காலமானார். டிரெயிலர் அப்போதும் பட்டறையிலேயே இருந்தது.

ஆடியில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வண்டி முடிந்தது. குழாய் நீர் பாய்ச்சும் வேலை மிச்சமாயிற்று. நாக்பூர் மழையே மூன்று நாள் சோதனை நடத்திவிட்டது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வண்டி நல்ல வண்டிதான். அவசரப்படுத்தியிருந்தால் இவ்வளவு நன்றாக அமைந்திராது என்பதும் உண்மையே. 2025-ஆம் ஆண்டு தை மாதத்தில், ஐந்து நாள்களில் அதனை மேலூர் வரை இழுத்துச் சென்று வந்தார்கள். தமக்கையார் வீட்டு வாசலில் நிறுத்தி, அத்தை இடக்கையால் கைப்பிடியைப் பற்றித் தாமாகவே இறங்கினாராம். ஊர்க் குழந்தைகள் எல்லாம் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். பார்க்கவேண்டிய ஒருவர் மட்டும் இல்லை. ஆயினும், பார்க்காமற் போய்விட்டோமே என்னும் துயரம் அத்தைக்கு இல்லை. அந்த ஓர் ஆறுதலை வண்டி தரவில்லை. பிப்ரவரியில் ஏறிய ரயில் தந்தது.

அன்பர்களே, டிரெயிலர் செய்விப்போர் நம்முள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? மிகச் சிலரே. ஆயினும், பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பட்டறையில் நிற்கும் வண்டியொன்று உண்டு. ஊரில் வீடு கட்டி முடியட்டும், பிறகு போகலாம் என்பார் ஒருவர். மகள் தேர்வு முடியட்டும் என்பார் மற்றொருவர். பதவி உயர்வு வரட்டும், கடன் அடையட்டும், ஓய்வு பெறட்டும் என்று நாமும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால், அவற்றுள் எதற்கு நாம் “பந்த்ரா தின்” சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டும் வேலைக்குக் காத்திருங்கள். பொறுமையோடு, கேள்வி கேட்டு, சுவர் மூடுமுன் பார்த்துக் காத்திருங்கள். ஆனால் ஒரு மனிதரைக் காணச் செல்லும் பிரயாணத்தை அந்த வேலையோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

உடற்குறை உடையவர்க்கான ரயில்வே அடையாள அட்டைக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்று அறிய விரும்பும் குடும்பத்தார், ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க நூல்நிலையத்துக்கு வரலாம். நாம் அங்கே இருப்போம். படிவம் நிரப்பவும் உதவுவோம். நம் சங்கக் குடும்பங்களில் நடக்கமாட்டாத முதியவர் இருந்து, அருகிலுள்ள ஊர்களுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், டிரெயிலரை இரவல் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். வாடகை இல்லை. கைப்பிடிகள் இரு பக்கமும் உள்ளன.